ரசீதில் நீலக் கிண்ணம் என்று இருந்தது

மார்ச் மாதத்து நள்ளிரவு.
நமெரிகாவா துறையில் வலையை இழுத்தார்கள்.
விரல் நீளக் கணவாய்கள்
ஆயிரம் ஆயிரமாய்
நீலமாகத் திடுக்கிட்டன.

திடுக்கிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.
சும்மா கிடக்கும்போது அவை
பூண்டுத் தோல் நிறம்.
தொட்டால்தான் நீலம்.

அதற்காக ஏழு குளிர்காலம்
உலை முன் நின்றேன்.
கோபால்ட்டைக் கூட்டினேன், மை ஆயிற்று.
குறைத்தேன், மருந்துப் புட்டி ஆயிற்று.
(தொயாமாவில் கண்ணாடி வேர் பிடித்ததே
மருந்துப் புட்டியால்தான்.
எனக்கு அதில் வெட்கமில்லை.)
செம்பு கலந்தேன்.
மயில் கழுத்துவரை வந்து
அங்கேயே நின்றுகொண்டது.

ரென்ஜி குழலைச் சுழற்றியபடி கேட்பான்:
"இன்றைக்கு என்ன நீலம்?"
"நேற்று வராத நீலம்."
அவன் சிரிக்க மாட்டான்.
சிரித்தால் கை தளரும்,
தளர்ந்தால் ஆயிரத்து நூறு டிகிரித் தேன்
தரையில் வழியும்.

எட்டாம் வருடம் பனி மிகுதி.
பட்டறைக் கதவை
மண்வாரியால் தோண்டித்தான் திறந்தோம்.
வெட்டிய பள்ளத்துக்குள்
கழன்று விழுந்த கையுறையை எடுக்கக் குனிந்தபோது
பார்த்தேன்,
குழி நிறைய நீலம்.
யாரும் கலக்காதது.
ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தால்
வெறும் வெள்ளை.

அன்று சாயப் பெட்டியைத் திறக்கவில்லை.
நிறமே இல்லாத கண்ணாடியை
இரு கை ஏந்தும் ஆழத்துக்கு ஊதினேன்,
கனமாக,
அடியில் மட்டும் கொஞ்சம் குமிழிகளை விட்டு.
வடக்கு ஜன்னலில் வைத்தேன்.
விடியுமுன் கால் மணி,
பொழுது சாய்ந்தபின் கால் மணி
அது திடுக்கிட்டது.

சாயங்காலக் கால் மணியில்
கடையைப் பூட்டப் போகையில்
வந்தார் ஒரிதோ அம்மாள்.
விலை கேட்டார், பேரம் பேசவில்லை.
ரசீதில் எழுதினேன்:
நீலக் கிண்ணம், ஒன்று.

ஒன்பதாம் நாள் தொலைபேசி.
"உங்கள் நீலக் கிண்ணம் நீலமாக இல்லை."
"என்ன நிறத்தில் இருக்கிறது?"
"என் வீட்டுத் திரைச்சீலை நிறத்தில்."

ரயிலேறிப் போனேன்.
உண்மைதான்.
மஞ்சள் திரைச்சீலை,
வங்கி கொடுத்த நாட்காட்டி,
மூக்கு நசுங்கிய கெண்டி,
எல்லாம் தலைகீழாக
என் கிண்ணத்தில் குடியேறியிருந்தன.

வசந்தத்தில் எங்கள் விரிகுடாவில்
எதிர்க்கரைக் கட்டடங்கள் தலைகீழாகத் தொங்கும்.
கானல் காணக் கூட்டம் கூடும், படமெடுப்பார்கள்.
இங்கே ஒரு கெண்டி தொங்குகிறது,
புகார் வருகிறது.

"பணத்தைத் திருப்பித் தருகிறேன்."
"பணம் யார் கேட்டது?
நீலத்தைக் கொடு."

விளக்கம் ஒன்று வைத்திருந்தேன்,
ஒளி, பரப்பு, கோணம் என்று.
தேநீரோடு விழுங்கினேன்.
"விளக்குப் போடாமல்
கொஞ்ச நேரம் இருப்போமா?"

திரையை விலக்கினார். ஜன்னல் கடல் பார்த்தது.
முதலில் நாட்காட்டியின் தேதிகள் போயின.
பிறகு கெண்டியின் மூக்கு.
பிறகு அவர் முகம்.
போகாமல் நின்றது கிண்ணம்.

அவர் தொடவில்லை.
முப்பது வருடம் துறையில் நின்று
கணவாய் பிரித்தவராம். அப்போதுதான் சொன்னார்.
மூக்கு உரச அருகில் குனிந்தார்.
"பச்சை ஒரு துளி குறைகிறது" என்றார்,
உப்புக் குறைகிறது என்பதுபோல்.

ஏழு குளிர்காலத்தில்
என்னிடம் யாரும் சொன்ன
முதல் பயனுள்ள வார்த்தை.

சமையலறையில் சோற்றுக் குக்கர்
டக்கென்றது.
அதன் ஆரஞ்சுப் புள்ளி
கிண்ணத்தின் அடியில், குமிழிகளுக்கிடையில்,
ஒற்றைப் படகு விளக்காய் மிதந்தது.

"ரசீதைத் திருத்தித் தரட்டுமா?"
"நீலம் இருக்கட்டும்.
பக்கத்தில் நேரத்தை எழுது."

இருட்டில் பேனாவைத் தேடித் துழாவினேன்.
அவர் விளக்குப் போடவில்லை.